விருந்துக்கு மறுநாள்: எடைக் குறைப்பில் ஒரு நாள் மிகையுணவை எதிர்கொள்ளும் முறை

எடையைக் குறைக்கும் முயற்சியில் உள்ள நோயாளர்கள் சிலர் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்து, பிறகு வருவதை நிறுத்திவிடுவதுண்டு. சில மாதங்கள் கழித்து வேறொரு காரணத்துக்காக வரும்போது விசாரித்தால், ஒரே வகையான விடையைத்தான் பலமுறை கேட்கிறோம். தீபாவளிக்கு முதல் நாள் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அன்று கட்டுப்பாடு குலைந்தது. மறுநாள் காலையில் எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. இனி என்ன பயன் என்று விட்டுவிட்டோம் என்பார்கள். சிலருக்கு அது தீபாவளியாக இருக்காது. உறவினர் வீட்டுத் திருமணமாகவோ, குலதெய்வக் கோயில் கிடாவெட்டாகவோ, ரம்ஜான் அல்லது கிறிஸ்துமஸ் விருந்தாகவோ இருக்கும். காரணம் வேறாயினும் முடிவு ஒன்றே.

இதை நாங்கள் பெரிதாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்பேறிய கல்லீரல், மூட்டுத் தேய்மானம், உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர்க்கு எடைக் குறைப்பும் மருந்தைப் போன்றதே. தொடக்க எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பலருக்குக் கண்கூடாக மேம்படுகின்றன. அத்தகைய சிகிச்சை ஒரு விருந்தினால் பாதியில் நின்றுபோவது வருந்தத்தக்கது.

ஒரு நாள் மிகுதியாக உண்பதால் விளையும் கேடு பெரும்பாலோர்க்குச் சிறியது. அதற்கு மறுநாளும் அதையடுத்த சில நாட்களும் நாம் நடந்துகொள்ளும் முறையே முயற்சியின் போக்கைத் தீர்மானிக்கிறது. இதனை விளக்கி, மறுநாள் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுநாள் காலையில் கூடிய எடை எது?

1 கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றலுக்குச் சமம் என்று கணக்கிடுகிறோம். அவ்வாறாயின், ஒன்றரைக் கிலோ கொழுப்பு புதிதாகச் சேர வேண்டுமானால், அன்றைய உடல் தேவைக்கு மேலாக 11,000 கலோரிக்கும் அதிகமாக உண்டிருக்க வேண்டும். வடை, பாயசம், இனிப்பு அனைத்தும் அடங்கிய முழு விருந்தை உண்டவரும் ஒரே நாளில் அந்த அளவை எட்டுவது அரிதினும் அரிது. தேவைக்கு மேல் 1,000 கலோரி உண்டிருந்தால், அதனால் சேரக்கூடிய கொழுப்பு மிகுதியாகப் போனால் 130 கிராம் அளவில்தான் இருக்கும்.

எஞ்சிய எடை மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, குடலில் இன்னும் செரித்து முடியாத உணவும் வெளியேறாத கழிவும். உண்ட உணவு உடலைக் கடந்து வெளியேற ஒரு நாளுக்கும் மேலாகும். பலருக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அதுவரை அதன் எடை நம்முடன்தான் இருக்கும்.

இரண்டாவது, கிளைக்கோஜன். அரிசி, கோதுமை, சர்க்கரை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கின்றன. உணவைக் குறைத்திருப்போர்க்கு இச்சேமிப்பு ஓரளவு குறைந்திருக்கும். விருந்து நாளில் அது மீண்டும் நிரம்புகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்துவைப்பதால், 200 கிராம் கிளைக்கோஜன் நிரம்பினால் எடையில் ஏறத்தாழ 800 கிராம் கூடும். எடைக் குறைப்பின் முதல் வாரத்தில் எடை வேகமாக இறங்குவதற்கும் இதே நீரின் வெளியேற்றம் ஒரு முக்கியக் காரணம் என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாவது, உப்பு. ஊறுகாய், அப்பளம், பிரியாணி, வறுவல், காரவகைகள் ஆகியவற்றில் உப்பு மிகுதி. மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றப்படும் சாதாரண சலைன் நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உள்ளது. இரத்த நீரின் செறிவுக்கு அது நெருங்கியது. எனவே, வழக்கத்துக்கு மேல் 4 கிராம் உப்பு உடலில் தங்கினால், அச்செறிவைக் காக்கும் பொருட்டு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரும் அதனுடன் தங்கக்கூடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு விருந்துச் சாப்பாட்டிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுவது எளிது.

இம்மூன்றும் தற்காலிகமானவை. வழக்கமான உணவுக்குத் திரும்பினால், இதய, சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு நாட்களில் இந்த எடை பெரும்பாலும் தானே நீங்கிவிடும். அது நீங்கும்போது எந்தத் தனிமுயற்சியும் தேவைப்படுவதில்லை.

ஒரு வாரத்தின் கணக்கு

கணக்கைத் தெளிவாகப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவருடைய உடலுக்கு நாளொன்றுக்கு 1,800 கலோரி தேவை. அவர் 1,300 கலோரி உண்டு வருகிறார். நாள்தோறும் 500 கலோரி குறைகிறது. வியாழக்கிழமை ஒரு திருமணத்தில் 2,800 கலோரி உண்டுவிடுகிறார். அதாவது அன்றைய தேவைக்கு மேல் 1,000 கலோரி. இதன்பின் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழியில், அவர் வெள்ளிக்கிழமை காலை முதல் தம் வழக்கமான உணவுக்கே திரும்புகிறார். வாரத்தின் ஆறு நாட்களில் 3,000 கலோரி குறைந்திருக்கும்; விருந்து நாளின் 1,000 கலோரியைக் கழித்தாலும் 2,000 கலோரி குறைவே எஞ்சும். அந்த வாரத்திலும் அவர் கால் கிலோ அளவு குறைந்திருப்பார்.

இரண்டாம் வழியில், 'இந்த வாரம் போயிற்று, திங்கள் முதல் பார்ப்போம்' என்று முடிவெடுத்து, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் தேவைக்கு மேல் 500 கலோரி வீதம் உண்கிறார். முதல் மூன்று நாட்களில் 1,500 குறைந்தது. வியாழனன்று 1,000 கூடிற்று. அடுத்த மூன்று நாட்களில் 1,500 கூடிற்று. வார முடிவில் 1,000 கலோரி மிகுதி. விருந்தை விட, விருந்துக்குப் பிந்திய மூன்று நாட்களே அதிகம் சேர்த்தன என்பதைக் காண்க.

மூன்றாம் வழியில், வெள்ளிக்கிழமை பகல் முழுதும் எதுவும் உண்ணாமல் கிடந்து, மாலையில் பசி தாங்காமல் கிடைத்ததை எல்லாம் உண்டு, 1,800 கலோரியுடன் நாளை முடிக்கிறார். பட்டினி கிடந்த அந்நாளில் அவர் ஒரு கலோரியும் மிச்சப்படுத்தவில்லை. வழக்கமான மூன்று வேளை உணவை உண்டிருந்தால் 500 கலோரி குறைந்திருக்கும்.

உண்மையில் உடல் இவ்வளவு துல்லியமான கணக்குப் புத்தகம் அன்று. எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைகிறது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. ஆயினும் மூன்று வழிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இக்கணக்கு சரியாகவே காட்டுகிறது.

மனம் ஏன் 'போனது போகட்டும்' என்கிறது?

1975ஆம் ஆண்டில் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்னும் உளவியலாளர்கள் கல்லூரி மாணவியரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். சிலருக்கு மில்க் ஷேக் தரப்பட்டது, சிலருக்குத் தரப்படவில்லை. பின்னர் அனைவருக்கும் ஐஸ்கிரீம் வைக்கப்பட்டு, சுவை பார்த்து மதிப்பிடுமாறும், விரும்பிய அளவு உண்ணலாம் என்றும் கூறப்பட்டது. உணவுக் கட்டுப்பாட்டில் நாட்டமில்லாதவர்கள், மில்க் ஷேக் அருந்தியிருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர். எப்போதும் கட்டுப்பாட்டுடன் உண்ண முயல்பவர்களோ, மில்க் ஷேக் அருந்திய பின் கூடுதலாக உண்டனர். அன்றைய கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்ற எண்ணமே மேலும் உண்ணத் தூண்டியது என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோரை ஆராய்ந்த ஆலன் மார்லட் என்னும் அமெரிக்க உளவியலாளர், சறுக்கல் வேறு, மீள்வீழ்ச்சி வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒருமுறை சறுக்கியதை 'எனக்கு மனவுறுதி இல்லை' என்னும் தீர்ப்பாக எடுத்துக்கொள்பவர் முழுதும் வீழ்ந்துவிடும் வாய்ப்பு மிகுதி. 'இன்ன சூழலில் சறுக்கினேன்' என்று நிகழ்வாக எடுத்துக்கொள்பவர் எழுந்து நடக்கிறார். உணவுக் கட்டுப்பாட்டுக்கும் இது பொருந்துகிறது.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. எடை குறையும்போது, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைகிறது. இரைப்பை சுரக்கும் பசித்தூண்டியான கிரெலின் கூடுகிறது. எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் பசியைத் தூண்டும் இம்மாற்றங்கள் நீடித்ததை 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆகவே, பல வாரங்கள் உணவைக் குறைத்த ஒருவர் விருந்துப் பந்தியில் தம் அளவைத் தாண்டுவது ஒழுக்கக்கேடு அன்று. உடல் தன் சேமிப்பைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சியும் அதில் அடங்கியுள்ளது.

மறுநாளைத் தண்டனை நாளாக்க வேண்டாம்

மிகுதியாக உண்டதற்கு ஈடாக மறுநாள் பட்டினி கிடப்பது நம்மிடையே பரவலான வழக்கம். உடல்நலம் உள்ளோர் ஒரு வேளை பசியில்லாமல் உணவைக் குறைத்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மருந்து உட்கொள்வோர் இதில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் மருந்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். அளவு 70க்குக் கீழ் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இன்னும் தாழ்ந்திருந்தால் மறுமுறையும் அருந்த வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வருக.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்வோர் நீண்ட பட்டினி கிடந்தாலோ, நீரிழப்புக்கு உள்ளானாலோ, கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் மிகும் ஆபத்து உண்டு. சர்க்கரை மிக உயராத நிலையிலும் இது நேரக்கூடும் என்பதால் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை தோன்றினால் காத்திருக்கலாகாது.

விருந்து நாளில் சர்க்கரை உயர்ந்தது கண்டு இன்சுலின் அளவைத் தாமாகவே கூட்டுவதும் கூடாது. உணவுக்கு ஏற்ப அளவை மாற்றும் முறை முன்னரே கற்பிக்கப்பட்டவர்கள் மட்டும் அதன்படி செய்யலாம்.

உடற்பயிற்சியையும் தண்டனையாக்க வேண்டாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 100 முதல் 150 கலோரி செலவாகும். 1,000 கலோரியை நடந்தே தீர்க்க நினைத்தால் மூன்றரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலியே மிஞ்சும். வழக்கமான நடை வழக்கமான அளவில் தொடர்ந்தால் போதும். பேதி மருந்து உண்டு வயிற்றைக் கழுவுவதும், விரலிட்டு வாந்தி எடுப்பதும் அறவே கூடாதவை. உணவின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்குள் உடலில் சேர்ந்திருக்கும். இழப்பது நீரும் பொட்டாசியமுமே. பொட்டாசியம் தாழ்ந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும்.

மறுநாள் செய்ய வேண்டியவை

1. காலை உணவை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் உண்ணுங்கள். மூன்று இட்லி உங்கள் அளவென்றால் மூன்று இட்லியும் சாம்பாரும் உண்ணுங்கள். முந்தைய இரவின் உணவு இன்னும் செரிக்காமல் பசியே இல்லையெனில் சற்றுத் தாமதிக்கலாம். நீரிழிவு மருந்து உட்கொள்வோர் வேளையைத் தவறவிடலாகாது.

2. மருந்துகளை வழக்கம்போல் உட்கொள்ளுங்கள். விருந்து நாளில் மறந்த மாத்திரையைச் சேர்த்து இரட்டிப்பாக உட்கொள்ள வேண்டாம்.

3. அன்று மட்டும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலக் காரவகைகளை விலக்குங்கள். தங்கிய நீர் விரைவில் வெளியேற இது உதவும். மதிய உணவில் தட்டில் பாதியளவு காய்கறியும், பருப்போ முட்டையோ மீனோ ஒன்றும், வழக்கமான அளவு சோறும் இருக்கட்டும்.

4. தாகத்துக்கேற்ப நீர் அருந்துங்கள். நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட அளவையே பின்பற்ற வேண்டும்.

5. உணவுக்குப் பின் 10 அல்லது 15 நிமிடங்கள் மெல்ல நடங்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது சற்றுக் குறைக்கிறது.

6. எடையைப் பார்க்க மூன்று நான்கு நாட்கள் பொறுத்திருக்கலாம். பிறகு வழக்கம்போல், காலையில் கழிவறை சென்று வந்தபின், உணவுக்கு முன், ஒரே கருவியில் பாருங்கள். நாள்தோறும் பார்ப்பவர்கள் வாரச் சராசரியை வைத்தே முன்னேற்றத்தை மதிப்பிடுங்கள். இதயச் செயலிழப்பு நோயாளர்களுக்கு இந்த விலக்கு இல்லை. அவர்கள் விருந்துக்கு மறுநாளும் தவறாமல் எடை பார்க்க வேண்டும்.

7. வீட்டில் மீந்த இனிப்பையும் பலகாரத்தையும் அன்றே பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். விருந்து ஒரு நாளில் முடிந்தாலும், அதிரசமும் முறுக்கும் நிறைந்த டப்பா இரண்டு வாரம் அடுக்களையில் இருக்கும். எடையைக் கூட்டுவது பல வீடுகளில் அந்த டப்பாதான்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கனத்த உணவுக்குப் பின் நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ தோன்றும்போது, வாயுத் தொல்லை என்று கருதிச் சோடா குடித்துப் படுத்துவிடுவோர் உண்டு. நெஞ்சு இறுக்கத்துடன் வியர்வை, மூச்சுத்திணறல், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளோர்க்கும் முதியோர்க்கும் வலி மிகக் குறைவாகவே தோன்றலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால்வீக்கம் தோன்றினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, அதை விருந்து எடை என்று ஒதுக்காமல் அன்றே எங்களைத் தொடர்புகொள்ள வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு உப்பும் நீரும் மட்டுமின்றி, இளநீர், வாழைப்பழம், உலர்பழம் ஆகியவற்றின் பொட்டாசியமும் ஆபத்தானது. தசைத்தளர்ச்சியோ நெஞ்சுப் படபடப்போ தோன்றினால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை பொறுக்கலாகாது.

வேகமாக எடை குறைப்போர்க்குப் பித்தப்பையில் கற்கள் உருவாகும் வாய்ப்பு மிகுதி. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலது மேல்வயிற்றில் தோன்றி, பல மணி நேரம் நீடிக்கும் வலிக்கு அது காரணமாகலாம். செமகுளூடைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகளைப் பயன்படுத்துவோர்க்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும். விருந்துணவு அவர்களுக்கு வாந்தியை உண்டாக்கலாம். மேல்வயிற்றில் கடும்வலி தோன்றி முதுகுக்குப் பரவினால், கணைய அழற்சியாக இருக்கக்கூடும் என்பதால் அவசரப் பிரிவுக்கு வருக.

குடும்பத்தினர் கவனத்துக்கு

விருந்துக்கு மறுநாள் வீட்டிலுள்ளோர் சொல்லும் ஒரு சொல் பல வார முயற்சியைக் காக்கவும் செய்யும், குலைக்கவும் செய்யும். 'நேற்று அவ்வளவு சாப்பிட்டாயே, இன்று எதற்குக் கணக்குப் பார்க்கிறாய்?' என்று கேலியாகச் சொல்வதும், 'டாக்டரிடம் சொல்கிறேன் பார்' என்று மிரட்டுவதும் ஒரே விளைவைத்தான் தருகின்றன. நோயாளர் மறைத்து உண்ணத் தொடங்குகிறார். மறைத்து உண்பது தொடங்கிவிட்டால், நீரிழிவு மருந்தின் அளவை எங்களாலும் சரியாக முடிவு செய்ய இயலாது.

முந்தைய நாளைப் பற்றிப் பேச்செடுக்காமல், வழக்கமான காலை உணவை வழக்கமான நேரத்தில் பரிமாறுவதே சிறந்த உதவி. மாலையில் 'நடக்கப் போவோமா அப்பா?' என்று உடன் செல்லலாம். மீந்த பலகாரத்தை வீணாக்கக் கூடாது என்று அம்மாவின் தட்டிலேயே வைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பல இல்லங்களில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவர் இல்லத்தரசியே. அவருடைய எடைக் குறைப்புக்கு அது பெரும் தடை.

விருந்தோம்பல் நம் பண்பாட்டின் பெருமை. ஆயினும் 'இன்னும் ஒரு கரண்டி' என்று மூன்றாம் முறை வற்புறுத்துவதற்கு முன், எதிரில் இருப்பவர் இன்சுலின் போட்டுக்கொள்பவரா என்று ஒரு கணம் நினைக்கலாம். உண்பவரும் பந்தியில் அமர்ந்ததும் பொரியல், கூட்டு, அவியலை முதலில் உண்டு, பிடித்த இனிப்பு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து நிதானமாகச் சுவைத்து, போதுமென்ற நிலையில் இலைமேல் கைகாட்டிவிடலாம். விருந்துக்காக முந்தைய வேளையைப் பட்டினி போடுவது பந்தியில் அளவைத் தாண்டச் செய்யும்.

'எப்போதாவது' என்பதற்கு அளவு என்ன?

இதுவரை கூறியவை, எப்போதாவது வரும் மிகையுணவு நாளைப் பற்றியவை. நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் வாரத்துக்கு இரண்டு நாட்கள் தேவைக்கு மேல் 1,000 கலோரி வீதம் உண்டால், மற்ற ஐந்து நாட்களில் குறைத்த 2,500 கலோரியில் 2,000 கரைந்துபோகும். வாரம் முழுதும் பாடுபட்டும் எடை அசையவில்லை என்று கூறுவோரில் சிலருடைய சிக்கல் இதுவே. சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் விருந்து நாட்களாகிவிட்டால், அது எப்போதாவது நிகழ்வதன்று. உணவு முறையே அவ்வாறு அமைந்துவிட்டது என்று பொருள். அப்போது வாரநாட்களின் கட்டுப்பாடு தாங்க முடியாத அளவு கடுமையாக உள்ளதா என்று உணவியல் வல்லுநருடன் சேர்ந்து பார்க்க வேண்டும். பலருக்கு அன்றாட உணவைச் சற்றுக் கூட்டினால் வார இறுதி மிகையுணவு குறைகிறது.

வேறொரு நிலையும் உண்டு. குறுகிய நேரத்தில் மிகப் பெருமளவு உண்பது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, பசியின்றியும் வேகமாகவும் உண்பது, வெட்கத்தால் தனிமையில் உண்பது, பின்னர் கடும் அருவருப்பும் குற்றவுணர்வும் அடைவது ஆகியவை சராசரியாக வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதங்கள் நீடித்தால், அது பெருந்தீனிக் கோளாறு என்னும் நோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலில் இது தனி நோயாக இடம்பெற்றது. அறிவுரையாலும் கண்டிப்பாலும் இது தீராது. உளவியல் சிகிச்சையால் நல்ல முன்னேற்றம் காண இயலும். கூச்சமின்றி எங்களிடம் கூறுங்கள். இரவிலோ வெளியூரிலோ மனநல உதவி தேவைப்பட்டால், அரசின் டெலி மானஸ் இலவச எண்ணான 14416ஐ அழைக்கலாம்.

ஒரு சிறு பயிற்சி

அடுத்த முறை அளவுக்கு மீறி உண்ண நேர்ந்தால், மறுநாள் உங்கள் குறிப்பேட்டில் மூன்று வரிகள் மட்டும் எழுதுங்கள். அதற்கு முன் எத்தனை மணி நேரம் உண்ணாமல் இருந்தேன்? அப்போது என் மனநிலையும் முந்தைய இரவின் உறக்கமும் எவ்வாறு இருந்தன? அதன்பின் வந்த முதல் வேளையில் என்ன உண்டேன்? உண்டவற்றின் பட்டியலோ கலோரிக் கணக்கோ வேண்டியதில்லை.

நான்கைந்து குறிப்புகள் சேர்ந்ததும் ஓர் ஒழுங்கு புலப்படும். சிலருக்கு மதிய உணவைத் தவிர்த்த நாட்களிலேயே இரவில் கட்டுப்பாடு குலைந்திருக்கும். சிலருக்கு இரவுப்பணி முடித்த நாட்களாக இருக்கும். வேறு சிலருக்கு வீட்டில் மனத்தாங்கல் நேர்ந்த நாட்களாக இருக்கும். எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த ஒழுங்கே காட்டிவிடும். அதற்கேற்ப உணவு நேரத்தையோ மருந்தையோ மாற்றியமைக்க எங்களாலும் முடியும்.

அந்தக் குறிப்பேட்டுடன் குறித்த நாளில் ஆலோசனைக்கு வாருங்கள். எடை கூடியிருக்கிறது என்பதற்காக வருகையைத் தள்ளிப்போட வேண்டாம். எடை கூடிய மாதத்தில் நீங்கள் வருவது, குறைந்த மாதத்தில் வருவதை விட எங்களுக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.